அட்டையில் காலியாக இருந்த கட்டம்

என் முதல் கர்ப்பத்தின்போது கொடுக்கப்பட்ட பரிசோதனை அட்டையில் ‘கருத்தரிப்பதற்கு முந்தைய எடை’ என்று ஒரு சிறிய கட்டம் இருந்தது. நான் மருத்துவரை முதன்முதலாகப் பார்க்கச் சென்றபோதே ஒன்பது வாரங்கள் கடந்திருந்தன. செவிலியர் அந்த எடையைக் கேட்டார், எனக்குத் தெரியவில்லை. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு, அன்றைய எடையை அடுத்த கட்டத்தில் எழுதினார். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. மூன்றரை ஆண்டுகள் கழித்து, இரண்டாவது கர்ப்பத்திலும் அதே கட்டம் அதே போலக் காலியாகவே கிடந்தது. ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோ கூடியிருக்கிறது என்று மிகுந்த கவனத்தோடு குறித்தார்கள். எங்கிருந்து கூடியது என்பது மட்டும் எங்கும் பதிவாகவில்லை.

வேலைக்காகச் செய்துகொண்ட இரண்டு உடற்பரிசோதனைகளின் தாள்கள் பின்னாளில் பழைய கோப்பில் கிடைத்தன. முதல் கர்ப்பத்திற்குச் சில மாதங்கள் முன்பு என் எடை 44 கிலோ, இரண்டாவதற்கு முன்பு 61 கிலோ. என் உயரம் 158 செ.மீ. எடையை, மீட்டரில் கணக்கிட்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் பி.எம்.ஐ. என்னும் எண், எனக்கு அது முதலில் 17.6, பிறகு 24.4. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 18.5-க்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு, 25-க்கு மேல் கூடுதல் எடை, 30-க்கு மேல் உடல்பருமன். ஆகவே முதல் முறை நான் எடை குறைந்தவள், இரண்டாம் முறை ‘சரியான’ எடை உடையவள். முதல் குழந்தை 38 வாரங்களில் 2.2 கிலோவாகப் பிறந்தது. ‘சரியான’ எடையோடு தொடங்கிய இரண்டாவது கர்ப்பத்தில் எனக்குக் கர்ப்பகால நீரிழிவு வந்தது. இந்த முரண்பாடு மனத்தை உறுத்தியதால்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

பி.எம்.ஐ. என்ற அளவுகோலின் பின்னணியை முதலில் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே என்ற வானியலாளரும் புள்ளியியலாளரும் 1830-களில் இந்த விகிதத்தை முன்வைத்தபோது, அவர் மக்கள்தொகையின் சராசரியை ஆராய்ந்துகொண்டிருந்தாரே தவிர, தனி ஒருவரின் உடல்நலத்தை அல்ல. 1972-இல் அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ் அதற்கு இப்போதைய பெயரை வைத்தார். கொழுப்பு உடலின் எந்த இடத்தில் சேர்ந்திருக்கிறது, எடையில் தசை எவ்வளவு என்பவற்றையெல்லாம் இந்த எண் சொல்லாது. ஆசிய மக்களிடம் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே நீரிழிவு அபாயம் தொடங்கிவிடுவதால், 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அவர்களுக்கு 23, 27.5 ஆகியவற்றைக் கவனிக்க வேண்டிய புள்ளிகளாகப் பரிந்துரைத்தது. என் 24.4 ஒரு கணக்கில் நிம்மதி, இன்னொரு கணக்கில் எச்சரிக்கை. குறையுள்ள அளவுகோல்தான், ஆனால் கர்ப்பத்தின் விளைவுகளைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இந்த அளவுகோலால் அளந்து அறியப்பட்டதே.

கூடுதல் எடையோடு கர்ப்பம் தொடங்கும்போது நடப்பதைப் புரிந்துகொள்ள இன்சுலினிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. எந்தக் கர்ப்பத்திலும், நடுப்பகுதிக்குப் பிறகு நஞ்சுக்கொடி (பிளசென்டா) சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலை இன்சுலினுக்கு ஓரளவு செவிசாய்க்காததாக மாற்றுகின்றன. தாயின் ரத்தத்தில் சர்க்கரை சற்றுக் கூடுதலாக நின்றால்தான் குழந்தைக்கு அது தடையின்றிப் போய்ச்சேரும். அதற்காக உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து இதை ஈடுகட்டுகிறது. ஆனால் உடலில், குறிப்பாக வயிற்றுக்குள், கொழுப்பு மிகுந்திருக்கும் பெண்ணுக்குக் கருத்தரிப்பதற்கு முன்பே இந்த எதிர்ப்பு இருக்கும். கணையம் ஏற்கெனவே தன் முழுத் திறனுக்கு அருகில் உழைத்துக்கொண்டிருக்கையில் கர்ப்பம் அதன்மேல் இன்னொரு சுமையை ஏற்றுகிறது. சமாளிக்க முடியாத புள்ளியில் கர்ப்பகால நீரிழிவு தலைகாட்டுகிறது. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2009-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, சரியான எடை உள்ளவர்களோடு ஒப்பிட்டால், இந்த நீரிழிவு வருவதற்கான வாய்ப்பு கூடுதல் எடை உள்ளவர்களுக்கு ஏறத்தாழ 2 மடங்கு, மிதமான உடல்பருமன் உள்ளவர்களுக்கு 3 மடங்கு, மிகக் கடுமையான உடல்பருமன் உள்ளவர்களுக்கு 5 மடங்குக்கும் மேல்.

சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் போகும், தாயின் இன்சுலின் போகாது. அதனால் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கத் தொடங்குகிறது. கருவில் இன்சுலின் வளர்ச்சி ஹார்மோனைப் போலவே செயல்படுவதால் குழந்தை கொழுத்து வளர்கிறது. 4 கிலோவைத் தாண்டும் குழந்தைகள், பிரசவத்தின்போது தலை வெளிவந்தபின் தோள் சிக்கிக்கொள்ளுதல், சிசேரியன் தேவைப்படுதல் எல்லாம் இந்தச் சங்கிலியின் அடுத்தடுத்த கண்ணிகள். தொப்புள்கொடி அறுபட்டதும் தாயிடமிருந்து வந்துகொண்டிருந்த சர்க்கரை சட்டென்று நின்றுவிடும். குழந்தையின் இன்சுலினோ அதே அளவில் இருக்கும், அதனால் அதன் ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடக்கூடும். என் இரண்டாவது குழந்தையின் குதிகாலில் முதல் நாள் முழுவதும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசியால் குத்திச் சர்க்கரை பார்த்தது இதற்காகத்தான். அந்தச் சிறு குதிகாலை நான் இன்னும் மறக்கவில்லை.

நீரிழிவு ஒரு வழிதான். ரத்த அழுத்தம் உயர்ந்து சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பாதிக்கக்கூடிய ப்ரீஎக்லாம்ப்சியாவின் அபாயம், பி.எம்.ஐ. 5 முதல் 7 வரை கூடும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. காலில் ரத்தம் உறைதல், அறுவைக் காயத்தில் தொற்று, பிரசவத்திற்குப் பின் மிகுந்த ரத்தப்போக்கு, கருவின் முதுகுத்தண்டுக் குறைபாடுகள், பால் சுரப்பு தொடங்கத் தாமதமாதல் ஆகியவையும் உடல்பருமனோடு கூடுகின்றன. வயிற்றுச் சுவரின் தடிமனால் ஸ்கேனில் குழந்தையின் உறுப்புகள் தெளிவாகத் தெரியாமல் போவது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு குறையை உரிய நேரத்தில் கண்டுபிடிப்பதே அந்தப் படத்தை நம்பித்தான் இருக்கிறது.

எடைக்குறைவைப் பற்றி இத்தனை எச்சரிக்கைகளை யாரும் சொல்வதில்லை. மெலிந்த பெண்ணைப் பார்த்து ‘ஆரோக்கியமாக இருக்கிறாய்’ என்று பாராட்டிவிட்டுப் போகிறோம். ஒருவிதத்தில் அது முற்றிலும் தவறும் அல்ல: கர்ப்பகால நீரிழிவும் ப்ரீஎக்லாம்ப்சியாவும் சிசேரியனும் எடை குறைந்தவர்களிடம் குறைவாகவே காணப்படுகின்றன. ஆனால் சேமிப்பு இல்லாத உடல் கர்ப்பத்துக்குள் நுழையும்போது, இரும்புச்சத்தும் புரதமும் கொழுப்பும் தாய்க்கும் குழந்தைக்கும் போதாமல் போகக்கூடும். தாயின் ரத்தத்தின் அளவு கர்ப்பத்தில் வழக்கமாக அடையும் பெருக்கத்தை அடையாதபோது, நஞ்சுக்கொடியும் சிறியதாகவே வளரலாம். விளைவாக 2.5 கிலோவுக்குக் குறைந்த பிறப்பு எடையும், வாரங்களுக்கு ஏற்ற வளர்ச்சி இல்லாமையும், 37 வாரங்கள் நிறைவதற்கு முன் நிகழும் குறைப்பிரசவமும் இவர்களிடம் மிகுதி. உடல்பருமன் உள்ளவர்களுக்கும் குறைப்பிரசவம் கூடுதலாக நேர்கிறது. ஆனால் அவற்றில் பல, ரத்த அழுத்தம் போன்ற காரணங்களால் மருத்துவர்களே முன்கூட்டி முடிவு செய்தவை. எடை குறைந்தவர்களுக்கோ வலி தானாகவே முன்னதாக வந்துவிடுகிறது. ஒரே பெயரில் அழைக்கப்படும் இந்த இரண்டும் ஒன்றல்ல.

இவ்வளவையும் படித்துக் கலங்கிப்போகிறவர்களுக்காக ஓர் ஒப்பீடு. 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, குழந்தை இறந்து பிறக்கும் வாய்ப்பை எண்ணிக்கையாகவே கணக்கிட்டுத் தந்தது: பி.எம்.ஐ. 20 உள்ள 10,000 கர்ப்பங்களில் 40, பி.எம்.ஐ. 25 உள்ளவற்றில் 48, 30 உள்ளவற்றில் 59. ‘ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அபாயம்’ என்று தலைப்பிட்டால் நெஞ்சு பதறும். 10,000-இல் 19 கூடுதல் என்று சொன்னால் அதன் அளவு புரியும். இரண்டும் ஒரே உண்மைதான். ஒவ்வொரு இழப்பும் ஒரு வீட்டின் முழுத் துயரம் என்பதால் 19 என்பது சிறிய எண் அல்ல. ஆனால் உடல்பருமன் உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் நலமான குழந்தையையே பெறுகிறார்கள் என்பதையும் இதே எண்கள்தான் சொல்கின்றன. என் முதல் குழந்தை சிறியதாகப் பிறந்ததற்கு என் 44 கிலோதான் காரணம் என்று என்னாலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

காலியாக இருந்த அந்தக் கட்டத்துக்குத் திரும்புகிறேன். கர்ப்பத்தில் எவ்வளவு எடை கூடலாம் என்பதே அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டிய எண்ணைப் பொறுத்தது. அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2009-இல் வெளியிட்ட வரையறையின்படி, எடை குறைந்தவர்களுக்கு 12.5 முதல் 18 கிலோ, சரியான எடை உள்ளவர்களுக்கு 11.5 முதல் 16, கூடுதல் எடை உள்ளவர்களுக்கு 7 முதல் 11.5, உடல்பருமன் உள்ளவர்களுக்கு 5 முதல் 9 கிலோ. தொடக்கம் தெரியாமல் ‘இந்த மாதம் 2 கிலோ கூடியிருக்கிறது, பரவாயில்லை’ என்று சொல்வதற்குப் பொருளே இல்லை. இருவருக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்ற அறிவுரையும் அப்படித்தான், எந்தத் தொடக்கப் புள்ளிக்கும் அது பொருந்தாது.

இன்னும் முக்கியமானது காலம். கருவின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போதுதான் மாதவிடாய் தள்ளிப்போயிருப்பதே உறைக்கிறது. நான் ஒன்பது வாரங்கள் கடந்து மருத்துவரைப் பார்த்தபோது, அந்தக் குழாய் சரியாக மூட உதவும், முன்கூட்டித் தொடங்கியிருக்க வேண்டிய ஃபோலிக் அமிலத்துக்கான நேரம் கடந்துவிட்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் 2,200-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்து 2014-இல் வெளியான லிமிட் ஆய்விலும், பிரிட்டனில் 1,500-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்து 2015-இல் வெளியான அப்பீட் ஆய்விலும், கூடுதல் எடை அல்லது உடல்பருமன் உள்ள கர்ப்பிணிகளுக்கு உணவு குறித்தும் உடலுழைப்பு குறித்தும் தொடர்ந்து வழிகாட்டினார்கள். முதலாவதில் வாரங்களுக்கு மீறிப் பெரிதாகப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் குறையவில்லை. இரண்டாவதில் கர்ப்பகால நீரிழிவும் குறையவில்லை. அந்தப் பெண்கள் முயலவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. விதை ஊன்றிய பிறகு நிலத்தை உழ முடியாது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அப்படியானால் கருத்தரிக்கும் முன்பே எடையைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கேயும் எளிய விடை இல்லை. நெதர்லாந்தில் குழந்தைப்பேறு தாமதமான, உடல்பருமன் கொண்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்கு முன் ஆறு மாதங்கள் எடை குறைப்புக்குச் செலவிட்டவர்கள் சராசரியாக 4.4 கிலோ குறைத்தார்கள்; ஆனால் நிறைமாதத்தில் இயல்பாகப் பிறந்த நலமான குழந்தைகளின் விகிதம் கூடவில்லை. வயதும் நேரமும் எடைக்கு எதிராக நிற்கும் கணக்கு இது. எடை குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களைப் பற்றிய ஸ்வீடன் ஆய்வில், அறுவை செய்துகொள்ளாத ஒத்த பெண்களிடம் 6.8 சதவீதமாக இருந்த கர்ப்பகால நீரிழிவு இவர்களிடம் 1.9 சதவீதமாகவே இருந்தது. வாரங்களுக்குச் சிறியதாகப் பிறந்த குழந்தைகளோ அவர்களிடம் 7.6 சதவீதம், இவர்களிடம் 15.6 சதவீதம். ஒரு பக்கம் இறக்கினால் மறுபக்கம் ஏறும் தராசு.

என் முரண்பாட்டுக்கு விடை தந்தது இன்னொரு ஸ்வீடன் ஆய்வு. 2006-இல் வெளியான அதில், முதல் இரண்டு குழந்தைகளைப் பெற்ற 1,51,025 பெண்களின் எடையை இரு கர்ப்பங்களின் தொடக்கத்திலும் ஒப்பிட்டார்கள். இடையில் பி.எம்.ஐ. 3 அல்லது அதற்கு மேல் கூடியவர்களுக்கு, எடை பெரிதாக மாறாதவர்களைவிடக் கர்ப்பகால நீரிழிவு இருமடங்காகவும், ப்ரீஎக்லாம்ப்சியா 1.8 மடங்குக்கு அருகிலும் இருந்தது. கூடிய பிறகும் ‘சரியான’ எல்லைக்குள்ளேயே இருந்த பெண்களுக்கும் அபாயம் கூடியிருந்தது. எனக்கு இடையில் பி.எம்.ஐ. கூடியது ஏறத்தாழ 7. சிறிதாகப் பிறந்த முதல் குழந்தையை வளர்த்த பதற்றத்தில், தூக்கமில்லாத இரவுகளில், கிடைத்த நேரத்தில் கிடைத்ததை உண்டு சேர்ந்த எடை அது. அப்போது என் எடையை யாரும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் குழந்தையின் எடையை.

இதைப் படிக்கும் மருத்துவப் பணியாளர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. எடையைப் பற்றிக் கேட்கும் தொனியிலேயே பல பெண்கள் அடுத்த முறை வராமல் நின்றுவிடுகிறார்கள். உலகக் கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதி திட்டமிடாதவை என்னும்போது, ‘முன்பே வந்திருக்க வேண்டாமா’ என்ற கேள்விக்கு யாரிடமும் விடை இருக்காது. அதைவிட, முதல் பிரசவத்துக்குப் பிறகு தடுப்பூசிக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயை, அதே அறையில், அதே நாளில் எடை பார்த்து எழுதிவைத்தால் போதும். அடுத்த கர்ப்பம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த எண்ணுக்கு வேலை இருக்கிறது: கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பின் எட்டாவது வாரத்தில், சர்க்கரை குடித்துச் செய்யும் பரிசோதனைக்காகக் காத்திருந்த இரண்டு மணி நேரத்தில், அந்தப் பழைய அட்டையின் காலிக் கட்டத்தில் 61 என்று நானே எழுதினேன். செவிலியர் பார்த்துவிட்டு, இனி இது எதற்கு என்று கேட்டார். முந்தைய அட்டையையும் பையிலிருந்து எடுத்து, அதில் 44 என்று எழுதி, இரண்டையும் அவரிடம் நீட்டினேன்.