நூலகச் சுவரின் மூன்று பறவைகள்

ஏற்காட்டில் நம் பள்ளி நூலகத்தில் அகராதி அலமாரிக்கு மேலே தொங்கிய பெரிய எண்ணெய் வண்ணப் படம் பலருக்கும் நினைவிருக்கும். ஒரே மரத்தில் பஞ்சவர்ணக்கிளி, பெரிய அலகுள்ள டூக்கான், சொர்க்கப் பறவை. "ஏதோ வெளிநாட்டுக் காடு" என்போம். அப்படி ஒரு காடு எந்த நாட்டிலும் இல்லை.

கிளியின் இறக்கையைப் பாருங்கள். சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே மஞ்சள் பட்டை. அங்கே பச்சை இருந்து, வெள்ளைக் கன்னத்தில் சிவப்புக் கோடுகளும் ஓடினால் அது வேறு இனம். இரண்டும் அமெரிக்க வெப்பக் காடுகளைச் சேர்ந்தவை, டூக்கானும் அப்படியே. அலகைப் பார்த்து நம் ஆனைமலை இருவாச்சிக்குச் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். சொர்க்கப் பறவையின் ஊரோ நியூ கினி. நடுவே பசிபிக் பெருங்கடல்!

செடிகளை வைத்து இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. ஏற்காட்டுத் தோட்டத்திலேயே ஆப்பிரிக்கக் காபிக்கு ஆஸ்திரேலிய சில்வர் ஓக் நிழல் தருகிறது. அதில் நம் மிளகுக் கொடி ஏறுகிறது.

கால்தான் ஓவியரின் உழைப்பைக் காட்டும் இடம். கிளிக்கும் டூக்கானுக்கும் முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு. முன்னால் மூன்று தெரிந்தால் தப்பு. நம் படத்தில் கிளியின் கால் சரி. சொர்க்கப் பறவைக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று, அதுவும் சரி. பழைய நாளில் அதன் தோல்கள் கால் வெட்டப்பட்டே ஐரோப்பா போயின. அதனால்தான் 1758-இல் லின்னேயஸ் ஓர் இனத்துக்குக் 'காலில்லாதது' என்று பொருள்படப் பெயர் வைத்தார்.

டூக்கானின் அலகு மட்டும் மங்கல் பழுப்பு. செத்த பறவையின் அலகு நிறம் சீக்கிரம் வெளுத்துவிடும். பாடம் செய்த பறவையைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும். வெளிச்சமும் அதையே சொல்கிறது: அடர்காட்டில் ஒளி திட்டுத்திட்டாகத்தான் விழும், இங்கே மூன்று பறவைக்கும் இடப்பக்கத்திலிருந்து ஒரே சீரான ஒளி, அறை ஜன்னல் ஒளி. பின்னணி மரங்களின் நீலம் மட்டும் அசல். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து சேர்வராயன் மலை தெரியும் அதே நீலம்.

நிறத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் கிளியின் வெற்றுக் கன்னத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டியது டீ நிறத்தில் இருக்கிறது, வார்னிஷ் மஞ்சளாகிவிட்டது. நீல இறகு பச்சையாகத் தெரிவதும் அதனால்தான். ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள், விரிசல் வழியே தண்ணீர் இறங்கிச் சாயம் உரியும். சட்டத்தின் பின்மூலைகளில் அரை அங்குலக் கார்க் துண்டு வைத்தால் படத்தின் பின்னால் காற்று ஓடும், பூஞ்சணம் குறையும்.