பி0700 வந்தால் கியர்பாக்ஸை இறக்க விடாதீர்கள்

மாமாவின் பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப் மூன்றாவது கியருக்கு மேல் ஏற மறுத்தது. ஸ்கேனரில் வந்த கோளாறுக் குறியீடு பி0700. ஒரு கடையில் உடனே “கியர்பாக்ஸை இறக்கணும்” என்றுவிட்டார்கள். மாமாவுக்கு முகமே செத்துவிட்டது.

பி0700 தனியாக எதையும் சொல்லாது. கியர் மாற்றுவதைக் கவனிக்கும் கம்ப்யூட்டரான கியர்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார் என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்தக் கன்ட்ரோலரையும் படிக்கிற ஸ்கேனர் வேண்டும். புதுப்பேட்டையில் தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் மாட்டிப் பார்த்தார்: பி0720. கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டு, அதாவது அவுட்புட் ஷாஃப்ட், சுழலும் வேகத்தைச் சொல்லும் சென்சாரின் சர்க்யூட். அந்த வேகம் தெரியாவிட்டால் எப்போது கியர் மாற்றுவது என்று கன்ட்ரோலருக்குப் புரியாது. பல வண்டிகளில் பாதுகாப்புக்காக ஒரே கியரில் நிறுத்திவிடும்.

முதலில் பேட்டரி வோல்டேஜ் பார்த்தார், அப்புறம் கியர்பாக்ஸ் ஆயில். சிவப்பாகவே இருந்தது, கருகிய வாடை இல்லை. பிறகு சென்சார் சாக்கெட்டைக் கழற்றினால், உள்ளே உள்ள உலோக ஊசிகளெல்லாம் பச்சையாகக் களிம்பு! போன மழையில் வேளச்சேரித் தண்ணீரில் நின்ற வண்டி அது. சுத்தம் செய்து மாட்டி, பூந்தமல்லி ஹைரோட்டில் ஓட்டினோம். கியர் வரிசையாக ஏறியது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களே, கோளாறுக் குறியீடுகளை அழிப்பதற்கு முன் ஸ்கேனரில் தெரியும் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு வந்த நேரத்து வேகம், இன்ஜின் சூடு எல்லாம் அதில் இருக்கும். குறியீட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.