பைபாஸுக்குப் பிறகு ஷட்டர் தூக்கலாமா?

மதுரையில் எனக்கு ஒரு மளிகைக்கடை. 57 வயதில் இதய ரத்தக்குழாயில் மூன்று அடைப்பு, பைபாஸ். ஆபரேஷன் கதையை எல்லாரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகான ஆறு மாதத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரி: நடைப்பயிற்சி செய்யவும், கனமான பொருள் தூக்கக் கூடாது. எவ்வளவு கனம், எத்தனை நாளைக்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. வீட்டில் அதை ஆயுள் தண்டனையாகவே எடுத்துக்கொண்டார்கள். பேத்தியைத் தூக்கக் கூடாது, ஸ்டூலை நகர்த்தக் கூடாது, கடைப் பக்கம் போனால் கல்லாவில் மட்டும் உட்கார வேண்டும்.

சரி என்று நடந்தேன். முதலில் வீட்டுக்குள், பிறகு தெருமுனை வரை, ஆறாவது வாரத்தில் தெப்பக்குளம். வெளிச்சுற்று ஒன்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். இரண்டரை மாதம் முடிவதற்குள் காலையில் மூன்று சுற்று போய்க்கொண்டிருந்தேன். பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். ஆனால் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. தொடை இரண்டும் வற்றிப்போயிருந்தன. மூன்று கிலோமீட்டர் நடக்கிற மனுஷனால் மூன்று கிலோ பையை மாடிக்குக் கொண்டுபோக முடியவில்லை.

அடுத்த செக்கப்பில் இதை டாக்டரிடம் சொன்னேன். நெஞ்சுவலி உண்டா, மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா என்று கேட்டார். எக்கோ பார்த்தார். பிறகு கார்டியாக் ரிஹாப், அதாவது இதய நோயாளிகளை மேற்பார்வையில் உடற்பயிற்சி செய்யவைத்துத் தேற்றும் திட்டம், என்று எழுதிக் கொடுத்தார். வாரம் இரண்டு நாள், 12 வாரம்.

அங்கே இருந்த பிசியோ என் மகள் வயசுப் பெண். முதல் நாள் 30 மீட்டர் வராண்டாவில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு அளந்தார். 360 மீட்டர். நான் பெருமையாகப் பார்த்தேன், அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். அடுத்து என் மார்பெலும்பின் மேல் கையை வைத்து இருமச் சொன்னார். உள்ளே ‘டக்’கென்று ஏதாவது நகர்கிறதா என்று பார்க்கத்தானாம்.

“நடுவுல அறுத்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க சார். எலும்பு கூட 8லேர்ந்து 12 வாரம் ஆகும். கனம் தூக்கக் கூடாதுன்னு சொன்னது அதுவரைக்கும்தான். கூடினப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கிப் பழகணும்.”

இந்த இரண்டு வாக்கியத்தை அந்தச் சீட்டிலேயே எழுதியிருந்தால் என் வீட்டில் எத்தனை சண்டை மிச்சமாகியிருக்கும்!

கனம் தூக்கித் தசையை வலுவாக்கும் பலப்பயிற்சி இதயத்துக்கு ஆகாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நமக்கு மட்டும் இருந்த பயம் இல்லை அது. ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்கவே விடமாட்டார்களாம். 1952-இல் பாஸ்டனில் லெவின், லவுன் என்ற இரண்டு டாக்டர்கள் நோயாளிகளைச் சீக்கிரமே நாற்காலியில் உட்காரவைக்கலாம் என்று எழுதியதே பெரிய துணிச்சலாக இருந்திருக்கிறது. இதய நோயாளிக்கும் பலப்பயிற்சி தரலாம் என்று அமெரிக்க இதய சங்கம் தனியாக ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது 2000-இல்தான். நம்ம தெரு வரை வந்து சேரக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

பிசியோ எனக்குக் கடைக்காரன் பாஷையில் புரியவைத்தார். “உங்களால அதிகபட்சம் 10 கிலோதான் முடியும்னா, 8 கிலோ பை மலை மாதிரி. பிபி எகிறும், நெஞ்சு படபடக்கும். அதே ஆளால 30 கிலோ முடியும்னா அந்த 8 கிலோ வெறும் பொட்டலம். பை அதேதான் சார், இதயத்துக்கு வேலை குறையுது.” அப்படியானால் நடை வேண்டாமா என்றேன். “நடையும் சைக்கிளும் இல்லாம தம் வராது. ரெண்டும் வேணும்” என்றார்.

மார்பில் ஈசிஜி வயர்களை ஒட்டி, பிபி பார்த்துவிட்டுத்தான் ஆரம்பம். சைக்கிளில் ஐந்து நிமிடம் மெதுவாக, பிறகு இருபது நிமிடம் கொஞ்சம் அழுத்தி. எவ்வளவு அழுத்துவது என்பதற்குச் சுவரில் ஓர் அட்டவணை. போர்க் என்ற ஸ்வீடன்காரர் போட்டது, 6-இல் தொடங்கி 20 வரை போகும். 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இனி முடியவே முடியாது. இதென்ன 6-இல் தொடங்குகிற கணக்கு என்று கேட்டேன். பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நாடித்துடிப்பு வரும் என்றார். ஆனால் நான் சாப்பிடுகிற மெட்டோப்ரோலால் மாத்திரை துடிப்பை அடக்கிவைக்கும். அதனால் எனக்கு வாட்ச் காட்டுகிற எண்ணை நம்பிப் பயனில்லை, உடம்பு சொல்வதைத்தான் கேட்க வேண்டும். 11-லிருந்து 13-க்குள் இருக்கச் சொன்னார். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நான் எப்போதுமே பாட முடியாதவன் என்றேன். சிரிக்கவில்லை.

சைக்கிள் முடிந்து உடம்பு சூடானதும் பலப்பயிற்சி. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, குதிகால் உயர்த்துவது, படி ஏறி இறங்குவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, மஞ்சள் ரப்பர் பட்டையைத் துடுப்புப் போல இழுப்பது, ஒரு கிலோ டம்பெல். ஒவ்வொன்றும் 10 முதல் 15 தடவை. 15 வந்த பிறகும் லேசாக இருந்தால் அடுத்த முறை கொஞ்சம் கனம் கூடும். பிடியை இறுக்கக் கூடாது. மூச்சைப் பிடிக்கவே கூடாது, பிடித்தால் பிபி சட்டென்று ஏறும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்: எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வாய் திறந்து எண்ணுகிறவனால் மூச்சை அடக்க முடியாதே.

முதல் வாரமே ஒரு கூத்து. சுவரில் தள்ளிய அன்று இரவு பதினொரு மணிக்கு நெஞ்சில் வலி. வீட்டுக்காரி நாக்குக்கு அடியில் நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் மாத்திரையை வைத்து ஆட்டோ பிடித்துவிட்டாள். எமர்ஜென்சியில் ஈசிஜி சரி, ரத்தப் பரிசோதனையும் சரி. டாக்டர் மார்பில் விரலை வைத்து அழுத்தியதும் “ஆ” என்றேன். அழுத்தினால் வலிக்கிறது, கையை அசைத்தால் வலிக்கிறது. நாளாக வேலை செய்யாத சதை வேலை செய்த வலி. மறுநாள் பிசியோவிடம் அசட்டுச் சிரிப்போடு சொன்னேன். “போனதுதான் சரி. சந்தேகம்னா எப்பவும் போங்க, வீட்டுல படுத்துக்கிட்டு அழுத்திப் பாத்துக்கிட்டிருக்காதீங்க” என்றார்.

ஏழாவது வாரம் செய்ததற்கு நானே பொறுப்பு. சைக்கிளில் நன்றாக மிதித்துக்கொண்டிருக்கும்போது பருப்பு மண்டியிலிருந்து போன். சட்டென்று நிறுத்தி இறங்கிவிட்டேன். இரண்டு அடி வைப்பதற்குள் கண் இருட்டியது. பிபி 94/60. காலை உயர்த்திப் படுக்கவைத்தார்கள். ஓடிக்கொண்டிருந்த கால் சதைதான் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்ததாம். அது திடீரென்று நின்றதும் ரத்தம் காலிலேயே தேங்கிவிட்டது. போதாததற்கு பிபி மாத்திரையும் சேர்ந்துகொண்டது. கடைசி ஐந்து பத்து நிமிடம் வேகத்தைக் குறைத்து முடிப்பதை அதுவரை நான் நேரத்தை ஓட்டும் வேலை என்று நினைத்திருந்தேன். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு போய் ரத்தச் சர்க்கரை 68-க்கு இறங்கிய கதையும் ஒன்று உண்டு. அதற்கப்புறம் சட்டைப் பையில் கடை மிட்டாய் நாலு எப்போதும் இருக்கும்.

மற்ற நாட்களில் நடை. பலப்பயிற்சி வீட்டில் வாரம் ஒருநாள் கூடுதலாக, நடுவில் ஒருநாளாவது இடைவெளி விட்டு. டம்பெல் வாங்கவில்லை. கடையில் ஒரு கிலோ, இரண்டு கிலோ சர்க்கரைப் பாக்கெட் இருக்கிறதே! எண்ணெய்ப் பாக்கெட் வேண்டாம், ஒரு லிட்டர் என்றாலும் ஒரு கிலோ நிற்காது.

என்னோடு சேர்ந்த ஒருவருக்கு இதயத்தின் பம்பிங் மிகவும் குறைவு. அவருக்குப் பல வாரம் மெதுவான நடையும் சைக்கிளும் மட்டும்தான் கொடுத்தார்கள். வால்வு சுருக்கம், அடங்காத பிபி என்றால் ஆரம்பிப்பதே வேறு மாதிரி. அதனால் என் கணக்கைப் பார்த்து யாரும் சர்க்கரைப் பாக்கெட்டைத் தூக்க வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள்.

பன்னிரண்டாவது வாரம் அதே வராண்டாவில் 455 மீட்டர். எனக்கு அதைவிட, தரையிலிருந்து தனியாக எழுந்ததுதான் பெரிது.

கடைசி நாள் கேட்டேன், “கடை ஷட்டர் தூக்கலாமா?” எப்படித் தூக்குவீர்கள், செய்து காட்டுங்கள் என்றார். குனிந்து, பல்லைக் கடித்து, ஒரே வெட்டில் மேலே இழுப்பது போலக் காட்டினேன். “இது தூக்கறதில்ல சார், முக்கறது. முதல்ல அந்த ஷட்டரை ரிப்பேர் பண்ணுங்க” என்றார்.

ஆள் வந்து ஸ்பிரிங்கை மாற்றி எண்ணெய் விட்டுப் போனான். இப்போது முட்டியை மடக்கி, நிமிர்ந்து, “ஒண்ணு” என்று சத்தமாகச் சொல்லித் தூக்குகிறேன். இரண்டு சொல்வதற்குள் ஷட்டர் தானாக மேலே போய்விடுகிறது. எதிர் டீக்கடைக்காரர், நான் ஏதோ மந்திரம் சொல்லிக் கடை திறக்கிறேன் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம்.