கேரி பேக்கில் குரோஷா

தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலேயே தடை செய்த கேரி பேக், எங்கள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் இன்னும் மூட்டையாகத் தொங்குகிறது. சரி, அதையே நூலாக்கி குரோஷா, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், பின்னிவிடலாம் என்று இறங்கிவிட்டேன்.

பையை நீளவாக்கில் மடித்து, கைப்பிடியையும் அடியில் ஒட்டிய ஓரத்தையும் வெட்டிவிட்டு, குறுக்கே ஒரு அங்குல அகலத்துக்கு நறுக்கினால் வளையம் வளையமாக வரும். அவற்றை ஒன்றுக்குள் ஒன்று விட்டு இழுத்தால் நூல் ரெடி. தனியாக முடிச்சுப் போட வேண்டாம். மெல்லிய ஊசி சரிப்படாது, 6 மி.மீ.க்குக் குறையாமல் எடுங்கள். கம்பளி நூல் அளவுக்கு வழுக்காது, விரல் நோகும். காய்கறிப் பை என்றால் நெருக்கமாகப் பின்னுங்கள், இல்லாவிட்டால் கனத்தில் தொய்ந்துவிடும். அப்புறம், வெயிலில் போட்டுவைத்தால் நாளடைவில் பொடிந்துபோகும்.

"இதுக்குப் பேசாம ஒயர் கூடை போட்டிருக்கலாமேடி" என்று அம்மா சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

மஞ்சள் கேரி பேக் யாரிடமாவது இருந்தால் எறியாதீர்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். பார்டருக்கு வேண்டும்.