பத்தாவது தமிழில், பதினொன்று வேறு மொழியில்

பிளஸ் ஒன் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிசிக்ஸ் வகுப்பில் நியூட்டன் விதிகள் நடந்துகொண்டிருந்தன. சார் பலகையில் ஒரு பந்தை வரைந்து, அதன் 'ஆக்கம்' எவ்வளவு என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆக்கம் என்றால் எனக்குத் தெரிந்தது உண்டாக்குவது. ஆக்கம், கேடு என்று எதிர்ச்சொல் எழுதிப் பழகியிருந்தேன். உருண்டு போகிற பந்து எதை உண்டாக்கும்? பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து அவள் எழுதிய விடையை நானும் எழுதிவைத்தேன். மூன்று நாள் கழித்து வீட்டில் ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் பிடிபட்டது. சார் ஆக்கம் என்றது உந்தத்தை. இப்போது கையில் இருக்கும் புத்தகத்தில் அதே சங்கதி மொமென்டம். எனக்கு நன்றாகத் தெரிந்த பாடம்தான், பெயர் மாறியதால் தெரியாத பாடமாகிவிட்டது.

நான் படித்தது பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டிலும் கடையிலும் தமிழ், பஸ் ஏறினால் ஒரு பக்கம் பாலக்காடு, மறுபக்கம் பொள்ளாச்சி. பத்தாவது வரை கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழ் வழியில் படிக்கலாம், பாடநூலும் தமிழில் உண்டு. பிளஸ் ஒன்னில் சயன்ஸ் எடுத்தால் புத்தகம் ஆங்கிலம், விளக்கம் மலையாளம். சந்தையில் பேசுகிற மலையாளம் நமக்கு நன்றாகவே வரும். வகுப்பறை மலையாளம் அது இல்லை. திசைவேகம் அங்கே பிரவேகம், முடுக்கம் துவரணம், நிலைமம் ஜடத்துவம். எனவே நம் பிள்ளைகள் ஒரே பாடத்தை மூன்று மொழிகளுக்கு நடுவே நின்று படிக்கிறார்கள்.

முதல் பருவத் தேர்வில் பிசிக்ஸில் 60க்கு 11 வாங்கினேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் இயற்பியலில் ஏ பிளஸ் வாங்கிய பெண் நான். அப்பா ஒன்றும் திட்டவில்லை. "கஷ்டமா இருந்தா காமர்ஸுக்கு மாத்திக்கலாமா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி திட்டியதைவிட வலித்தது. காமர்ஸ் மட்டமான படிப்பு என்பதற்காக இல்லை. எனக்குப் பிசிக்ஸ் வராது என்று வீட்டில் நம்பத் தொடங்கிவிட்டார்களே என்று.

அன்று ராத்திரி ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்துக்கு மூன்று கோடு போட்டேன். முதலில் புத்தகத்து ஆங்கிலச் சொல்லை ஒலி பார்த்துத் தமிழ் எழுத்தில், அடுத்தது சார் வாயில் வருகிற மலையாளச் சொல், மூன்றாவது நான் பத்தாவது வரை படித்த தமிழ்ச் சொல். கடைசியில் கொஞ்சம் இடம் விட்டு, அந்தச் சொல் வருகிற ஒரு சின்னக் கணக்கு. வெறும் சொற்பட்டியலாக வைத்தால் மனத்தில் நிற்காது, கணக்கோடு வைத்தால் நிற்கும். ஒரு நாளைக்கு ஐந்து சொல், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் லீவுக்குள் நோட்டு முக்கால்வாசி நிறைந்துவிட்டது. கணக்குக்கும் தனிப்பக்கம் வைத்தேன்: ஃபங்ஷன் என்றால் சார்பு, டெரிவேட்டிவ் என்றால் வகைக்கெழு. ஜனவரியில் வகுப்பில் கை தூக்கி ஒரு சந்தேகம் கேட்டேன், மலையாளமும் ஆங்கிலமும் கலந்து, இலக்கணம் பார்க்காமல். சார் நின்று பதில் சொன்னார். தப்பாகப் பேசிவிடுவோமோ என்று ஐந்து மாதம் வாயை மூடி உட்கார்ந்திருந்தது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த நோட்டை ஏப்ரல், மே விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள். பிளஸ் ஒன் புத்தகம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பத்தாவது புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பும் மலையாளப் பதிப்பும் இருந்தால் போதும்.

நான் செய்த இன்னொரு தவறு, பிளஸ் ஒன் மதிப்பெண் சேராது என்று நினைத்தது. சித்தி மகன் பொள்ளாச்சியில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். அவர்களுக்கு அப்போது பிளஸ் டூவில் மட்டும்தான் பொதுத்தேர்வு, 1200 மதிப்பெண்ணும் அதிலிருந்துதான். அவன் சொன்னதை நம் கதை என்று நம்பிவிட்டேன். கேரளத்திலும் மொத்தம் 1200தான், ஆனால் அது இரண்டு வருடத்துக்கும் சேர்த்து. ஒரு பாடத்துக்கு 200. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி போன்றவற்றில் ஒவ்வொரு வருடமும் எழுத்துத் தேர்வு 60, தொடர் மதிப்பீடு 20, பிராக்டிகல் 40 மட்டும் இரண்டாம் வருடத்தில். அதாவது பிளஸ் ஒன்னில் விட்டது கடைசிச் சான்றிதழ் வரை கூடவே வரும்.

அதைப் பிடிக்க மூன்று பாடத்துக்கு இம்ப்ரூவ்மென்ட், அதாவது மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளும் மறுதேர்வு, எழுதினேன். மூன்றுக்குமேல் எழுத முடியாது. மதிப்பெண் ஏறியது உண்மை. ஆனால் பிளஸ் டூ பாடத்தை வைத்துக்கொண்டே போன வருடப் பாடத்தைத் திரும்பப் படிப்பது சாதாரண வேலை இல்லை. மின்னியலும் படிக்க வேண்டும், விட்டுப்போன சுழற்சி இயக்கமும் படிக்க வேண்டும். இம்ப்ரூவ்மென்ட் இருக்கிறதே என்று பிளஸ் ஒன்னில் அசட்டையாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது.

தமிழ்நாட்டுப் பக்கம் இந்த விஷயம் எப்படிப் போனது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லாததால் பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்பிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடும். நீட், ஜே.இ.இ. கேள்விகளில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடம். அந்தப் பாதியில் பிள்ளைகள் தடுமாறினார்கள். இதைச் சரிசெய்யத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள், மொத்த மதிப்பெண்ணையும் 1200லிருந்து 600ஆகக் குறைத்தார்கள். அடுத்த ஆண்டு புதிய பாடநூல்கள் வந்தன. பிறகு, கல்லூரிச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்றார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வே எடுக்கப்பட்டுவிட்டது.

தொடர்ந்து மூன்று வருடம் பொதுத்தேர்வு என்பது பிள்ளைகளுக்குப் பெரிய சுமை, அதைக் குறைத்ததில் தப்பில்லை. ஆனால் தேர்வை எடுத்த இடத்தில் பிளஸ் ஒன் பாடம் முழுதாக நடக்கிறதா என்று பார்ப்பதற்கு ஓர் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பழைய கதைதான் திரும்பும். பொள்ளாச்சிப் பக்கம் பிளஸ் ஒன் சேர்பவர்களுக்கு நான் சொல்வது: தேர்வு இல்லை என்பதை விடுமுறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிளஸ் ஒன் புத்தகத்தில் ஒரு பாடம் விட்டுப்போனாலும் நீங்களே உட்கார்ந்து முடியுங்கள்.

சரி, எந்தப் பக்கம் சேர்வது? எல்லையில் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் மே மாதம் இந்தப் பேச்சு நடக்கும். கேரளத்தில் பத்தாவது முடித்துவிட்டு, பிளஸ் ஒன்னுக்குத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக்குப் போனால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மெடிக்கல் சீட் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். கிடைக்காது. 6ஆம் வகுப்பு முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் அது. பொறியியல் கலந்தாய்விலும் 8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் இருப்பிடச் சான்று கேட்பதில்லை, நடுவில் போனவர்களைக் கேட்பார்கள். அந்த ஒதுக்கீடு கிடைக்கும் என்று நம்பிப் பதினொன்றில் பள்ளி மாறிய ஒரு தம்பியை எனக்குத் தெரியும். மாறியதால் பாடத்திட்டமும் புதிது, நண்பர்களும் இல்லை, எதிர்பார்த்த ஒதுக்கீடும் இல்லை. பிளஸ் டூ முடிகிற வரை அவன் முகத்தில் சிரிப்பே இல்லை.

நம் பக்கம் இன்னொரு சிக்கல். பிரசவத்துக்குப் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போவது இங்கே வழக்கம். எனவே பலருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் (பத்தாவது சான்றிதழில்) பிறந்த இடம் தமிழ்நாடு என்று இருக்கும். கேரளத்துக் கீம் நுழைவுத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது, பிறந்த இடம் கேரளம் என்று அந்தப் புத்தகத்தில் இருந்தால் அதுவே ஆதாரம். இல்லாதவர்கள் வில்லேஜ் ஆபீஸில் நேட்டிவிட்டி சர்டிஃபிகேட் வாங்க வேண்டும். அக்ஷயா என்ற அரசு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடலாம், ஆனால் அப்பா அம்மாவின் பழைய ஆவணங்களைத் தேடுவதிலேயே நாள் ஓடிவிடும். எனக்கு அம்மாவின் பள்ளிச் சான்றிதழ் பீரோவில் புடவைக்கு அடியில் இருந்து கிடைத்தது, கடைசி நாளுக்கு முந்தைய நாள். பிளஸ் டூ கிறிஸ்துமஸ் லீவில் இதை முடித்துவையுங்கள்.

நீட் எழுதுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தமிழ்க் கேள்வித்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி போன்ற இடங்களில் உள்ள மையங்களில்தான் தருவார்கள், கேரள மையங்களில் ஆங்கிலம், இந்தி, மலையாளம்தான். வீட்டுக்குப் பக்கம் என்று பாலக்காட்டை மையமாகப் போட்டுவிட்டுத் தமிழ்த்தாளை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தமிழில் வேண்டுமென்றால் கோயம்புத்தூரைப் போடுங்கள். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் முடிவானது என்பதால் இரண்டையும் சேர்த்துப் படித்துப் பழக வேண்டும். அதற்கும் அந்த மூன்று கோட்டு நோட்டுதான் கைகொடுக்கும்.

கீம் இப்போது கணினியில் நடக்கிறது: 150 கேள்வி, 600 மதிப்பெண், அதில் கணக்கு மட்டும் 75 கேள்வி. பொறியியல் ரேங்குக்கு நுழைவுத்தேர்வு பாதி, பிளஸ் டூ மதிப்பெண் பாதி. 2025இல் இந்தப் பிளஸ் டூ பாதியைக் கணக்கிடும் முறையைக் கடைசி நேரத்தில் மாற்றினார்கள். ஜூலை முதல் தேதி ரேங்க் பட்டியல் வந்தது, 9ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, மறுநாள் பழைய முறைப்படி புதுப் பட்டியல். கேரளப் பாடத்திட்டத்தில் படித்த பலர் ஒரே நாளில் கீழே போனார்கள். அந்த வாரம் என்னிடம் டியூஷன் படித்த பெண் வந்து திண்ணையில் உட்கார்ந்து அழுதாள். என்ன சொல்லித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றக் கூடாது, பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் அது. அதனால்தான் டிகிரிக்கும் அதே நேரத்தில் விண்ணப்பித்துவையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

டிகிரி என்றால் தாழ்வு என்று நினைக்காதீர்கள். நான் நுழைவுத்தேர்வில் ரேங்க் வராமல் கோழிக்கோடு பல்கலைக்கழகத்துக்கு உட்பட்ட ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தவள், அப்புறம் கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. முடித்தேன். 2024இலிருந்து கேரளத்தில் நான்கு வருட டிகிரி முறை வந்திருக்கிறது. மூன்று வருடத்தில் 133 கிரெடிட்டோடு டிகிரி வாங்கி வெளியே வரலாம், நான்காவது வருடமும் படித்து 177 ஆக்கினால் ஆனர்ஸ். மேஜர் என்கிற முதன்மைப் பாடத்தோடு மைனர் என்கிற துணைப் பாடங்களும் உண்டு. பிசிக்ஸ் மேஜர் எடுத்துவிட்டுத் தமிழைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கல்லூரி வாரியாகப் பாருங்கள். பிளஸ் ஒன் சேர்க்கைக்கான ஒற்றைச்சாளர முறையான ஏகஜாலகத்திலும் இதேபோல, எந்தப் பள்ளியில் சயன்ஸோடு இரண்டாம் மொழியாகத் தமிழ் இருக்கிறது என்று பார்த்து ஆப்ஷன் கொடுங்கள். எனக்குக் கிடைத்த பள்ளியில் தமிழ் இல்லை, இந்தி எடுத்தேன். இரண்டு வருடம் தமிழில் ஒரு கட்டுரைகூட எழுதாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

மாமா சித்தூர் அரசுக் கல்லூரியில் பிரீ டிகிரி படித்தவர், பத்தாவதுக்குப் பிறகு கல்லூரியில் படித்த இரண்டு வருடப் படிப்பு அது. தமிழ்நாடு 1978லேயே பிளஸ் டூவைப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டது, கேரளத்தில் பிரீ டிகிரி முழுதாகக் கல்லூரியை விட்டு வெளியேற 2000 ஆனது. பள்ளிக்குள் வந்தும் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே உள்ள பள்ளம் தூரவில்லை. 8 முதல் 12 வரை ஒரே பிரிவாக இருக்க வேண்டும் என்று 2019இல் கேரள அரசு அமைத்த காதர் குழு சொன்னது எனக்குச் சரியாகவே படுகிறது. ஒன்று முதல் பத்து வரை 2024லும் 2025லுமாகப் புதுப் பாடநூல்கள் வந்துவிட்டன. மேல்நிலைப் புத்தகங்களைத் திருத்தும்போது ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் ஆங்கிலம், மலையாளம், தமிழ், கன்னடம் என்று கலைச்சொல் பட்டியல் ஒரு பக்கம் சேர்க்கட்டும். காசர்கோட்டுக் கன்னடப் பிள்ளைகளுக்கும், மூணாறு, பீர்மேடு தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே தவிப்புதான். பிளஸ் ஒன் தொடங்கும் முதல் மூன்று வாரம் புதுப் பாடம் எதுவும் எடுக்காமல், தெரிந்த பாடத்தையே புது மொழியில் நடத்தட்டும். பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் கழக) கூட்டத்தில் இதை எழுதிக் கொடுங்கள், நாங்கள் சில பேர் கொடுத்திருக்கிறோம்.

அண்ணன் மகள் இந்த வருடம் பிளஸ் ஒன். போன வாரம் என் பழைய நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அத்தை, உந்தம்னு எழுதிப் பக்கத்துல ஏன் பந்து வரைஞ்சு வச்சிருக்கே?" என்று கேட்டாள். அந்தப் பந்தின் நிறை 200 கிராம், வேகம் நொடிக்கு 5 மீட்டர். கணக்கைப் போட்டுக் காட்டச் சொன்னேன். ஒன்று என்று சொன்னாள், அலகோடு.