சுவர்ப் பலகைக்குப் பின்னால்

மார்ச் 4
இரு பெண்களின் காதலைச் சொல்லும் என் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். அத்தையின் கடிதக் கட்டைக் கண்டெடுக்கும் அண்ணன் மகன், படித்த கையோடு அதைத் தீயில் போடுவதாக எழுதியிருந்தேன். இந்த வகைச் சரித்திர நாவல்களைப் படித்துப் படித்துக் கைக்குப் பழகிப்போன காட்சி. எரிக்கிறவன் மனத்தில் என்ன ஓடியது என்று ஒரு வரிகூட இல்லை.

மார்ச் 7
இன்று முழுவதும் ஆன் லிஸ்டர் என்ற இங்கிலாந்துப் பெண்மணிதான். யார்க்‌ஷயரில் ஷிப்டன் ஹால் மாளிகைக்கு உரிமையாளர். 1791-இல் பிறந்து 1840-இல் மறைந்தவர். அவருடைய நாட்குறிப்பு ஏறத்தாழ 50 லட்சம் சொற்கள். ஆறில் ஒரு பங்கு, கிரேக்க எழுத்தும் கணிதக் குறிகளும் கலந்த சங்கேதம். பெண்களிடம் கொண்ட காதலை அதில்தான் எழுதினார்.

1834 ஈஸ்டர் அன்று யார்க் நகர ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ஆன் வாக்கருடன் சேர்ந்து திருவிருந்து பெற்றார். இருவர் மனத்திலும் அது திருமணம். பார்த்தவர்களுக்கு, வழிபட வந்த இரண்டு பெண்கள். நான் எழுதிய மழை இரவு முத்தம் இதன் முன்னால் வெளிறிவிட்டது.

மார்ச் 8
தூக்கம் இல்லை. ஜான் லிஸ்டர் மனத்தை விட்டு அகல மறுக்கிறார். அந்த வீட்டின் பிற்காலத்து வாரிசு. 1890-களில் நண்பர் ஆர்தர் பர்ரெலுடன் உட்கார்ந்து சங்கேதத்தை உடைத்தார். ‘கடவுளிடமே என்...’ என்று தொடங்கும் வரியில் மறைந்திருந்த சொல் ‘நம்பிக்கை’ என்று ஊகித்தார்கள். மற்ற எழுத்துகள் வழிவிட்டன. படித்ததும் எரித்துவிடச் சொன்னார் நண்பர். ஜான் எரிக்கவில்லை, வெளியிடவும் இல்லை. சுவர்ப் பலகைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

அச்சமா, வெட்கமா, பாசமா? மூன்றும் ஒரே மனிதனுக்குள் இருந்திருக்கலாம். என் அண்ணன் மகன் இவர்தான்.

மார்ச் 11
‘தன்பாலீர்ப்பு’ நம் காலத்துச் சொல்; என் நாயகிகளின் வாயில் ஒட்டாது. ‘தோழி’ போதும். அகப்பாடல்களில் தலைவியின் நெஞ்சைப் பெற்ற தாயைவிட அறிந்தவள் தோழிதானே. குடும்பமும் அதே சொல்லைத்தான் சொல்லும்: “அத்தையின் தோழி.” காதலிக்குள் ஓர் உலகமாக இருப்பது, உறவினர் வாயில் கதவைச் சாத்திவிடுகிறது.

மார்ச் 12
ஆன் லிஸ்டர், ஷிப்டன் ஹாலை ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமையை வாக்கருக்கு உயிலில் எழுதிவைத்தார். 1843-இல் வாக்கரை அங்கிருந்து மனநோயாளர் விடுதிக்குக் கொண்டுபோனார்கள். இன்று எதுவும் எழுத முடியவில்லை.

மார்ச் 15
மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. விடியும்வரை அவன் கடிதங்களைப் படிக்கிறான். கட்டை முன்பிருந்தபடியே முடிந்து, பலகைக்குப் பின்னால் வைக்கிறான். நிமிர்ந்தால், வாசலில் அத்தையின் அந்த முதிய தோழி.

“எல்லாம் படித்துவிட்டாயா?”

அவளை அந்த வீட்டில் யாரும் முறை சொல்லி அழைத்ததில்லை.

“படித்தேன், சின்ன அத்தை.”