போன் செய்யாத பிள்ளைக்கு ஏழு

எங்கள் யூனிட்டில் எம்.டி. பொது மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு மதிப்பீட்டுப் படிவம் நிரப்பும் வேலை சில வருடங்களாக என்னுடையது. வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனை. படிவம் தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டத்தோடு வருவது. இதழ் வாசிப்பு, நோயாளி சார்ந்த கற்றல், தானே கற்பதும் பிறருக்குக் கற்பிப்பதும், ஆய்வேடு, லாக் புக் என்று தலைப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண். 1 முதல் 3 என்றால் திருப்தியில்லை, 4 முதல் 6 திருப்தி, 7 முதல் 9 திருப்தியைவிட அதிகம். 4க்குக் கீழே போட்டால், அந்தக் குறையைச் சரிசெய்ய என்ன வழி என்பதையும் நாமே எழுத வேண்டும்.

புது நோயாளிகளை எங்கள் யூனிட் சேர்த்துக்கொள்ளும் அட்மிஷன் டே முடிந்த மறுநாள், ரவுண்ட்ஸ் எல்லாம் ஓய்ந்து பிற்பகல் மூன்று மணிக்கு அந்தத் தாளை எடுத்தால் கை தானாக 7க்குப் போகும். நம்மோடு சேர்ந்து இரவெல்லாம் கண் விழித்த பிள்ளைகள். 3 போட மனசு வராது. இது எங்கள் யூனிட்டில் மட்டும் நடப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் நான் செய்த பெரிய தவறு மதிப்பெண்ணில் இல்லை, கடைசியில் இருக்கும் குறிப்புப் பகுதியில்.

ஒரே பேட்ச்சில் இருவர், ஒருவன், ஒருத்தி. அவன் செமினார் எடுத்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ரவுண்ட்ஸில் ஐம்பது படுக்கையின் கிரியாட்டினினும், அதாவது சிறுநீரக நிலையைச் சொல்லும் ரத்த அளவும், விரல் நுனியில் இருக்கும். இரவு டியூட்டியில் ஒருமுறைகூட என்னை அழைத்ததில்லை. அவள் திருவாரூர்ப் பக்கம். ஓர் இரவுக்கு மூன்று முறை அழைப்பாள். "சார், தூக்கத்தைக் கெடுக்கிறேன்..." என்றுதான் ஆரம்பிப்பாள். அவனுக்கு, "தனியாகச் சமாளிக்கிறார், தன்னம்பிக்கை உள்ளவர்" என்று எழுதினேன். அவளுக்கு, "சுயமாக முடிவெடுக்கப் பழக வேண்டும்." மதிப்பீட்டை மாணவரிடம் நேரில் பேச வேண்டும் என்று படிவமே வலியுறுத்துகிறது. அதன்படி இருவரையும் கூப்பிட்டு, எழுதியதை வாசித்தும் காட்டினேன்.

அடுத்து வந்தது நவம்பர். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தெருக்களில் தண்ணீர் தேங்கி நின்றது. மழை விட்டு ஒரு வாரம் பத்து நாளில் லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் வரத் தொடங்கும். காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குபவர் ஒருவர் காய்ச்சலோடு வந்தார். கண் சிவப்பு, மஞ்சள் காமாலை, கெண்டைக்காலைத் தொட்டால் கத்தினார். அவன்தான் டியூட்டி. பார்த்ததுமே லெப்டோ என்று எழுதி, பென்சிலின் போட்டுவிட்டான். அதில் ஒரு பிழையும் இல்லை.

இரவு ஒரு மணிக்கு மேல் இருமலில் ரத்தம் வந்தது. லெப்டோவில் நுரையீரலுக்குள் ரத்தம் கசிவதுதான் நாங்கள் மிகவும் அஞ்சுவது. சில மணி நேரத்தில் ஆளை இழந்துவிடலாம். மூச்சு எண்ணிக்கை நிமிடத்துக்கு 24, 28, 36 என்று ஏறியதைக் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு அவனே எழுதியிருந்தான். எதையும் மறைக்கவில்லை. ஆக்சிஜனைக் கூட்டினான், பிரஷர் இறங்கியதால் சலைன் ஓடவிட்டான். காலை ஆறரைக்கு நான் போனபோது தீவிர சிகிச்சைப் பிரிவான ஐ.எம்.சி.யு.வுக்கு மாற்றி உடனே மூச்சுக்குக் குழாய் போட வேண்டிய நிலை.

அவருடைய மனைவி வாசலில் நின்றிருந்தார். "நைட்டெல்லாம் இருமினா ரத்தமா வருதுன்னு சொல்லிக்கினே இருந்தேன் சார். சின்ன டாக்டரும் பாவம், மூணு வாட்டி ஓடியாந்து பாத்தாரு. பெரிய டாக்டர கூப்டுப்பான்னேன். பாத்துக்கலாம்மான்னாரு."

ஆறு நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்தார். நடந்தே வீட்டுக்குப் போனார்.

அவனைத் தனியாக அழைத்து, "ஒரு போன் பண்ணியிருக்கலாமே தம்பி" என்றேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "போன தடவை அதைத்தானே சார் நல்லா எழுதியிருந்தீங்க?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலை அவளையும் கேட்டேன். அந்தப் பருவத்தில் அவள் அழைப்பது வெகுவாகக் குறைந்திருந்தது, நான் அதை முன்னேற்றம் என்று எண்ணிச் சந்தோஷப்பட்டிருந்தேன். "நம்பரை எடுத்துடுவேன் சார், அப்புறம் வேணாம்னு விட்டுடுவேன். ரெண்டு மூணு தடவை" என்றாள். எந்தெந்த படுக்கை, என்ன நேரம் என்று எல்லாம் நினைவு வைத்திருந்தாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

நெதர்லாந்தின் மருத்துவக் கல்வி ஆய்வாளர் ஓலே டென் கேட் 2005இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மாணவனுக்கு என்ன தெரியும் என்று அளப்பதோடு நில்லாமல், எந்த வேலையை அவனிடம் நம்பி ஒப்படைக்கலாம் என்று கேளுங்கள் என்பது அதன் சாரம். பார்க்க மட்டும் விடுவது, நாம் பக்கத்தில் நின்று அவனைச் செய்யவிடுவது, கூப்பிட்டால் வருகிற தூரத்தில் இருப்பது, தனியாக விடுவது, கடைசியாக இளையவர்களை அவன் பொறுப்பில் விடுவது என ஐந்து படிகள். ஒருவரை நம்ப எவையெல்லாம் வேண்டும் என்ற பட்டியலில் தன் எல்லையை அறிந்து உதவி கேட்பதும் உண்டு. இதைப் பயிற்சி வகுப்பில் குறிப்பெடுத்தவன் நான். எடுத்தும், போன் அடிக்காத இரவைத் திறமை என்று கணக்கிட்டிருக்கிறேன்.

இறுதித் தேர்வும் இதைக் காட்டாது. நான்கு தாள், நோயாளியை விரிவாகப் பார்க்கும் ஒரு லாங் கேஸ், சுருக்கமாகப் பார்க்கும் சில ஷார்ட் கேஸ், வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. அங்கே படுத்திருப்பவர் பெரிய மண்ணீரலோடோ மைட்ரல் வால்வுச் சுருக்கத்தோடோ அமைதியாக இருப்பார். இரவு இரண்டு மணிக்கு மூச்சு 28ஆக ஏறும்போது இந்தப் பிள்ளை என்ன செய்யும் என்பது வார்டில் கூடவே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது படிவம் எழுதும் முன் நைட் சிஸ்டர்களிடம் கேட்கிறேன். "யார் கூப்பிட்ட உடனே வராங்க, யார் நீங்க சொல்றதைக் காதில் வாங்குறாங்க?" அவர்கள் சொல்வது பெரும்பாலும் என் கணிப்போடு ஒத்துப்போவதில்லை. மாதம் ஒருமுறையாவது ஒவ்வொருவரும் புது நோயாளியைப் பார்க்கும்போது பதினைந்து நிமிடம் பேசாமல் பின்னால் நிற்கிறேன். வாயை மூடி நிற்பதுதான் எனக்குக் கஷ்டம். முடிந்ததும் ஒரே கேள்வி: "எந்தக் கட்டத்தில் என்னைக் கூப்பிடுவே?" அந்தப் பதிலை அவர்கள் சொற்களிலேயே குறிப்புப் பகுதியில் எழுதுகிறேன். அவன் இப்போது அழைக்கிறான். முதல் சில தடவை குரலில் தயக்கம் இருந்தது.

அந்த இரண்டு பழைய தாள்களும் துறைக் கோப்பில் அப்படியே இருக்கின்றன. மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதப் பயிற்சிக்குக் கிளம்பும் முன் அவள் வந்து, "அங்க நைட்ல யாருக்கு சார் போன் பண்றது?" என்று கேட்டாள். அங்கே பொறுப்பில் இருக்கும் மருத்துவரின் எண்ணை வாங்கிக் கொடுத்து, எனக்கும் எந்நேரமும் பண்ணலாம் என்றேன். இரண்டாவது வாரம் பண்ணினாள். கட்டுவிரியன் கடி, இமை தொங்க ஆரம்பித்திருந்தது. விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருந்தது, மயக்க மருத்துவரை வரவழைத்திருந்தாள், அங்குள்ள பொறுப்பு மருத்துவரிடமும் சொல்லியாகிவிட்டது. "வேற ஏதாவது விட்டுட்டேனா சார்?" என்றாள். எதையும் விடவில்லை. அந்தப் பருவத்துப் படிவத்தில் இதைத் தேதியோடும் நேரத்தோடும் எழுதினேன்.